ரெண்டு பேர் படிக்கணும்

“இத்தாலி பாஷ வேணும்னா செத்தவங்ககிட்டேருந்து ஆரம்பி” என்பார் அந்தம்மா. மற்ற இடங்களில் வணக்கம், நன்றி, என் பெயர் இன்னது என்று ஆரம்பிப்பார்கள். அந்தம்மா மரண அறிவிப்பில் ஆரம்பிப்பார். தினமும் அதே வார்த்தைகள், செத்தவர் பேர் மட்டும்தான் மாறும், இதைவிடச் சுலபமான பாடம் எங்கே கிடைக்கும் என்பது அவர் கட்சி. விமலாவும் நானும் அந்த மொழியில் முதன்முதலாக வாய்விட்டுப் படித்தது, நீண்ட நோய்க்குப் பிறகு நம்மை விட்டுப் பிரிந்தார் என்ற வாக்கியத்தைத்தான். சோற்றுக்கும் தண்ணீருக்கும் இத்தாலியில் என்ன சொல்வார்கள் என்று தெரிவதற்கு முன்பே, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்க எங்களுக்குத் தெரிந்திருந்தது.

விமலாவும் நானும் ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தோம். இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள், மொழிப் பரீட்சை பாஸ் செய்தால் போகலாம் என்று ஒரு பேச்சு வந்தது. ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தர எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார். இத்தாலி மொழிக்கு எங்கே போவது? போனில் ஒரு ஆப்பைப் போட்டுப் பார்த்தோம். ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது, பூனை பால் குடிக்கிறது என்று அது மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் சர்ச்சில் யாரோ விமலாவிடம் சொன்னார்கள், விசைத்தறிக்காரர் ஒருவருடைய தங்கச்சி இத்தாலியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார், அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறார் என்று.

கீழே அண்ணனுடைய தறிகள் ஓடும். மேலே ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்பீக்கர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தறி ஓடுகிற ஓட்டத்தில் தரையே அதிரும். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

“கத்து. அங்கயும் கத்திகினுதான் பேசுவாங்க. சரியான எடத்துக்குதான் வந்துகிற” என்றார் முதல் நாள். பிறகு, “எதுக்குப் போற?” என்று என்னைக் கேட்டார்.

“அம்மாவ நல்லா வெச்சிக்கணுங்க மேடம்.”

“மேடம்லாம் வேணாம், அக்கான்னு கூப்புடு. இப்ப சொன்னது பொய். ரெண்டாவது தபா சொல்லு.”

கண் சரியாகத் தெரியாதவர் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் வீட்டுக்காரன் அடுத்த தெருவுல இன்னொருத்தியோட குடும்பம் நடத்திகினு இருக்கான். நான் டூட்டிக்கு அந்த வழியாதான் போயாவணும். என்னால முடியல” என்றேன்.

“இது நெஜம். உக்காரு.”

விமலாவைக் கேட்டார். “எங்க வீட்டுக்காரர் போகச் சொன்னாருங்கக்கா” என்றாள் அவள்.

“அப்போ அவர அனுப்பு” என்றார். ஆனாலும் அவளையும் உட்காரச் சொன்னார். விமலாவின் குரல் படிப்பதற்கு நன்றாக இருந்தது, அதனால்தான். அவளுக்காக இல்லை.

எங்களிடம் அவர் காசு வாங்கவில்லை. ஊரில் அதைப் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். மனசெல்லாம் ஒன்றுமில்லை. சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஆள் தெரியும், முகம் ஒருவாறாகத் தெரியும், எழுத்து தெரியாது. அவருக்கு இத்தாலியில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆரணியில் அப்படி ஆள் கிடையாது. அதனால் ஆளை அவரே தயார் செய்துகொண்டார். இதை அவர் எங்களிடம் ஒளிக்கவும் இல்லை.

அவர் வேலை பார்த்தது ஒரு சின்ன மலையூரில். அங்கே யாராவது செத்தால் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவது போலத்தான், ஆனால் எந்தக் கட்சிக்காரரும் கைகூப்பிக்கொண்டு ஓரத்தில் நிற்க மாட்டார். மேலே செத்தவர் பேர், அதன் கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் சில சமயம் ஒரு நன்றி. வைத்தியம் பார்த்த டாக்டருக்கு, கூடவே இருந்து கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு. பேர் போட்டே சொல்வார்கள். சுவரில் ஒட்டுகிற அதே தாளை இப்போதெல்லாம் அந்த ஊர் சவப்பெட்டிக் கடைக்காரர் இன்டர்நெட்டிலும் போட்டுவிடுகிறார்.

அந்தம்மா பார்த்துக்கொண்ட கிழவியை அவர் நோன்னா என்பார். நோன்னா என்றால் பாட்டி. அந்த நோன்னா, நினைவு தப்புவதற்கு முன்னால் ஒருநாள் தன் மகளைக் கூப்பிட்டு, நான் செத்தால் தாளில் இவள் பேர் வர வேண்டும் என்று இவர் எதிரிலேயே சொன்னாளாம். மகளும் தலையாட்டினாளாம். அந்தம்மா காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். நோன்னா சாகவேண்டும், தாளில் இவர் பேர் வரவேண்டும்.

“அந்த ஊர்ல எங்கிட்ட நின்னு பேசுனவங்க கெடையாது. கடைக்குப் போனா கருப்பி வந்துட்டாம்பாங்க, எனக்குப் புரியாதுன்னு நெனச்சிகினு. சுவத்துல பேரு வந்தா நின்னு படிப்பாங்க. வாய்விட்டுப் படிப்பாங்க. படிக்கட்டும்” என்றார்.

இதற்கு அவர் கொடுத்ததும் கொஞ்சமில்லை. இங்கே சொந்த அம்மா செத்தபோது, நோன்னாவுக்குக் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. அண்ணன் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மற்ற எல்லாருக்கும் பேர் போட்டு, இவருக்கு மட்டும் ‘மகள், இத்தாலி’ என்று போட்டிருந்தார்களாம். ஊர் பேர் போட்டவர்கள் ஆள் பேரை மறந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எதைப் படித்தாலும் இரண்டு பேர் படிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். விமலா ஒரு அறிவிப்பைப் படித்து முடித்தால், போனை வாங்கி அதையே நான் முதலிலிருந்து படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்ததுக்குப் போவார். “ஒருத்தர் படிச்சா அது அவங்க ஆசை. ரெண்டு பேர் படிச்சாதான் அது எழுத்து” என்பார். இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. கண் மங்க ஆரம்பித்து ஒருநாள் நோன்னாவுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். மகள் ஒன்றும் சத்தம் போடவில்லை. ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துவிட்டு வா என்று சொல்லி, அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். விமான நிலையத்தில் பக்கத்தில் இருந்த ஒரு மலையாள நர்ஸிடம் இவர் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார். என் விருப்பப்படியே வேலையை விட்டுப் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று அதில் இருந்தது.

அதே மகள்தான் இவர் பேரைச் சுவரில் ஒட்டப் போகிறாள் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். உலகத்தில் ஒருத்தரையும் நம்பாதவர், ஏமாற்றினவளை மட்டும் நம்பினார். எனக்கு அது அப்போதே தெரிந்தது. விமலாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் அதை நினைத்து இவருக்காக வருத்தப்பட்டாள், நான் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று இருந்தேன்.

பாடத்துக்கு எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்பதில் அந்தம்மாவுக்கு இணையில்லை. சமையல் வீடியோக்களைத் தொடவிட மாட்டார். “சமையக்கட்ட அவ்ளோ சுத்தமா வெச்சிகினு சமைக்கிறவ எந்த ஊர்லயும் கெடையாது. அது பொய்.” சினிமாவும் பொய். பாட்டு சுத்தப் பொய். நிஜம் என்று அவர் ஒத்துக்கொண்டது சிலவற்றைத்தான். சவப்பெட்டிக் கடைக்காரரின் பக்கம். சர்ச்சில் வாராவாரம் போடும் துண்டுத்தாள், அதில் போன வாரம் திருவிழாவுக்கு வராதவர்களைச் சாமியார் மறைமுகமாகத் திட்டியிருப்பார். சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி விளம்பரம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஊர் ரேடியோ. அங்கே காலை நேரத்தில், நம் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணசரும்போது, ஒரு நிகழ்ச்சி வரும். ஊர்ச் சனம் போன் போட்டுக் குறை சொல்லும். பக்கத்து வீட்டு நாய், குப்பை வண்டி, வாய்க்கால் அடைப்பு, மருமகள். பாதிப்பேர் கிழவிகள். அந்தம்மா ஸ்பீக்கரைத் தறிச் சத்தத்துக்கு மேல் உயர்த்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு போன் முடிந்ததும் எங்களைக் கேட்பார், இவள் சொன்னதில் எது பொய் என்று. அந்த ஒரு நிகழ்ச்சியில் நான் கற்றுக்கொண்ட மொழியை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லித்தந்திருக்காது.

ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். ஏதோ போட்டிக்காக இத்தாலியக் கலாச்சாரம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். ஓவியம், சிற்பம், இசை என்று எழுதிக்கொள்ளப் பேனாவோடு வந்திருந்தான். அந்தம்மா என் போனில் அந்த ஊர்க் குப்பை அட்டவணையைத் தேடி எடுக்கச் சொன்னார். திங்கள்கிழமை காகிதம், செவ்வாய்க்கிழமை அழுகினது, புதன்கிழமை கண்ணாடி, தப்பான நாளில் பையை வெளியே வைத்தால் பையைத் திறந்து யார் வீட்டுக் குப்பை என்று கண்டுபிடித்து அபராதம் போடுவார்கள். “இதுதான்யா கலாச்சாரம். எழுதிக்க” என்றார். அவன் எங்களைப் பார்த்தான். “மத்ததெல்லாம் வர்றவங்களுக்குக் காட்றதுக்கு வெச்சிகினு இருக்கிறது. நம்ம கோயில் கோபுரம் மாரி. நம்ம ஊரப் பத்தித் தெரியணும்னா கோபுரத்தப் பாப்பியா, சாக்கடையப் பாப்பியா?” அவன் எழுதிக்கொண்டு போனான். போட்டியில் என்ன ஆனானோ தெரியாது.

அவரை எனக்குப் பிடித்துப்போனது இன்னொரு நாளில். என் வீட்டுக்காரன் அவளோடு வண்டியில் வரும்போது பஸ் ஸ்டாண்டு எதிரில் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று சொன்னேன். அந்தம்மா, வாய்க்கால் சண்டையில் ஒரு கிழவி ரேடியோவில் சொன்ன ஒரு முழு வாக்கியத்தை எடுத்து எனக்கு மனப்பாடம் செய்யவைத்தார். அதன் அர்த்தத்தை இங்கே எழுத முடியாது. அவனுடைய அம்மாவில் ஆரம்பித்து அவனுடைய பிணத்தில் முடியும். “மொறைச்சிகினு சொல்லாத. சிரிச்சிகினு சொல்லு, பண்டிகைக்கு வாழ்த்து சொல்ற மாரி” என்றார். அடுத்த முறை பார்த்தபோது அப்படியே சொன்னேன். என்னவோ நல்லது சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் கையை உயர்த்திக் காட்டினான். பல வருஷத்தில் அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் விமலாவை அவர் படுத்தின பாட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அவரைப் பிடிக்காது.

அவரிடம் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன காபிக் கெண்டி இருந்தது. அதில் காபி போட்டு அவர் மட்டும் குடிப்பார். எங்களுக்குத் தரமாட்டார். ஒருநாள் விமலாவின் கையில் அந்தக் காபியைக் கொடுத்து, “நான்தான் நோன்னா. எனக்குக் குடுக்கிற” என்றார். விமலா குனிந்து கொடுத்தாள். அந்தம்மா ஒரு வாய் வைத்துவிட்டு மீதியைத் தரையில் கவிழ்த்தார். பிறகு இத்தாலியில் ஆரம்பித்தார். திருடி, அழுக்கு பிடித்தவளே, என் சங்கிலி எங்கே, உன் நாட்டில் தரையில்தானே சாப்பிடுவீர்கள், நக்கு. குரல்கூட மாறிவிட்டது, நடுங்குகிற கிழக்குரல். அவர் கேட்டுக்கேட்டு உடம்பில் ஏறின வசவுகள் அவை, ஒன்றும் புதிதாகச் செய்ததில்லை. விமலா மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே அழுதாள்.

“அழுவறியா? அழு. அழுதுகினே சொல்லு, நான் இன்னா சொன்னேன்?”

விமலா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். திருடி என்றீர்கள். அழுக்கு பிடித்தவள் என்றீர்கள். ஒன்றையும் விடவில்லை.

“அர்த்தம் சரியா வந்துச்சு” என்றார் அந்தம்மா. “இப்போ நீ” என்று என்னிடம் திரும்பினார். நான் அழவில்லை. எனக்கு அதைவிடக் கெட்ட வார்த்தைகளை வீட்டிலேயே கேட்டுப் பழக்கம்.

வெளியே வந்ததும் விமலா என்ன சொன்னாள் தெரியுமா? “பாவம்க்கா. இத்தினி வருஷம் இதெல்லாம் கேட்டுகினு இருந்திருக்காங்களே.” எனக்கு அவள் மேல்தான் எரிச்சல் வந்தது. மண்டியிடவைத்தவளுக்குப் பாவம் பார்க்கிற ஜென்மத்தை என்ன செய்வது?

அந்தத் தாள் வந்தது அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற வாசனை ஊரெல்லாம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில். வழக்கம்போல விமலா போனை வைத்துக்கொண்டு சவப்பெட்டிக் கடைக்காரரின் பக்கத்தைத் திறந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. “அக்கா, நோன்னா” என்றாள்.

அந்தம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தடியை எடுத்துத் தரையில் ஓங்கி இடித்தார். இடித்துக்கொண்டே இருந்தார். கீழே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த வீட்டில் அவர் சொல்லித் தறி நின்றது அன்று ஒருநாள்தான். அண்ணி படியில் பாதி ஏறிவந்து எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

“படி.”

விமலா படித்தாள். நோன்னாவின் பேர். வயது. அமைதியாகப் பிரிந்தார். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், எல்லாருடைய பேரும். அடக்கம் நாளைக் காலை. பிறகு ஒரு மூச்சு இழுத்தாள். அன்பான கவனிப்புக்காக இன்னாருக்கு இதயபூர்வமான நன்றி என்று படித்தாள். அந்த இன்னாரின் இடத்தில் அந்தம்மாவின் பேரைச் சொன்னாள். 

அந்தம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை எடுத்து இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொண்டார், போட்டோ எடுக்கப் போகிறவர்கள் துடைத்துக்கொள்வது போல. விமலா என்னைப் பார்க்காமல் போனை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தம்மா கையை என் பக்கம் நீட்டினார்.

“நீ படி.”

விமலா போனைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிகிற அழுத்தம். என்ன கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் படித்தேன். நோன்னாவின் பேர், வயது, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், அடக்கம். அன்பான கவனிப்புக்காக ஒலேனாவுக்கு இதயபூர்வமான நன்றி.

கீழே யாரோ இருமுவது கேட்டது. 

“பேர மட்டும் இன்னொரு தபா” என்றார்.

“ஒலேனா.”

“யாரு அது?”

“தெரியலக்கா. உங்களுக்கப்பறம் வந்தவளா இருக்கும்.”

தலையாட்டினார். முகம் பழையபடி ஆகிவிட்டது. “தறிய ஓட்டச் சொல்லு” என்றார். நான் படியில் நின்று சொன்னேன். சத்தம் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் விமலாவிடம் திரும்பினார்.

“நீ நாளைலேருந்து வராத.”

“அக்கா, உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்…”

“என் மனசு உன்னக் கேட்டுச்சா? பேஷன்ட்டு பிபி எவ்ளோன்னு கேட்டா இப்படித்தான் நல்லதா ஒண்ணு சொல்லுவியா? உன்ன நம்பி ஒரு கெழவிய உட முடியுமா? போ.”

பிறகு என்னிடம், “நீ பாஸாயிடுவ. அந்த ஊர்ல உன்ன மாரி ஆளுதான் நிக்கும்” என்றார். அது பாராட்டா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் படித்தேன். இன்றைக்குக் கொடுத்தாலும் அதைத்தான் படிப்பேன்.

விமலா படிகளில் அழுதுகொண்டே இறங்கினாள். தெருமுனை வரை கூடப் போனேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

நான் பாஸானேன். இத்தாலிக்கு வந்தேன், வேறொரு ஊருக்கு. ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் நல்ல நாளில் என்னைத் தன் செத்துப்போன தங்கை பேரால் கூப்பிடுவார், கெட்ட நாளில் திருடி என்பார். இங்கேயும் தெருமுனைச் சுவரில் கறுப்புக் கட்டத் தாள்கள் உண்டு. ரொட்டி வாங்கப் போகும்போது நின்று படித்துவிட்டுத்தான் போவேன். பழக்கம்.

விமலா ஆரணியிலேயே இருந்துவிட்டாள். பரீட்சைக்குப் போகவில்லை. போகாததற்கு அவள் வீட்டுக்காரர் என்னவெல்லாம் சொன்னாரோ, அவள் சொல்லமாட்டாள். அந்தம்மாவுக்குச் சர்க்கரை காலுக்கு இறங்கி, விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்தார்கள். அண்ணிக்கு அந்தப் புண்ணைப் பார்த்தாலே வாந்தி வரும். வேண்டாம் போ என்று துரத்தப்பட்ட விமலாதான் தினமும் டூட்டிக்கு முன்னால் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி, உடம்பு துடைத்துவிட்டு வந்தாள். இரண்டு வருஷம். யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் போனாள்.

“இப்பவாச்சும் நல்லா பேசுறாங்களா?” என்று போனில் கேட்பேன்.

“இத்தாலியிலதாங்கா பேசுறாங்க. நோன்னா பேசுற பேச்சு. சங்கிலி எங்கடின்னு கேட்டாங்க இன்னிக்கு.” சிரிப்பாள். “எனக்குத்தான் அர்த்தம் தெரியுமே. தெரியாதவளா இருந்தா பயந்துடுவா.”

போன மாதம் ஒருநாள் காலையில் விமலாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. நான் அப்போது ரொட்டிக்கடைக்குப் போகிற வழியில் சுவர் பக்கம்தான் நின்றிருந்தேன். கண்ணீர் அஞ்சலி. அந்தம்மாவின் படம், எப்போதோ இத்தாலியில் எடுத்தது, பின்னால் மலை தெரிகிறது. மேலே அவர் பேர், முழுப்பேர், பெரிய எழுத்தில். இப்படிக்கு, ஆழ்ந்த துயரத்துடன் என்று போட்டு அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள். அவ்வளவுதான். மேலிருந்து ஒருமுறை படித்தேன். மறுபடி மேலிருந்து படித்தேன். விமலாவின் பேர் இல்லை.

உடனே கூப்பிட்டேன். “யாருடி எழுதினது இத? அந்த அண்ணியா?”

“அவங்களேதாங்கா. போன வாரம் என்ன உக்கார வெச்சு, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாங்க. அண்ணன், அண்ணி, பசங்க. முடிச்சுடுன்னாங்க, முடிச்சுட்டேன். படின்னாங்க, படிச்சேன். அப்பறம் அவங்க அண்ணன மேல கூப்ட்டு அவரப் படிக்கச் சொன்னாங்க.”

“அவர் எதுக்கு?”

“நா எதனா சேத்துட்டேனான்னு பாக்கத்தான்.”

செத்தவர்கள் மேல் கோபம் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது. நடுத்தெருவில் நின்று, அவர் சொல்லிக்கொடுத்த அந்த வாய்க்கால் சண்டை வாக்கியத்தை முழுசாக அவருக்கே சொன்னேன். ரொட்டிக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். பேர் வராத வலி என்னவென்று இந்த உலகத்திலேயே அதிகமாகத் தெரிந்தவர் அவர். தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியே இல்லை. தனக்குக் கிடைக்காதது தன் கையால் இன்னொருத்திக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

“பிரஸ்ஸுக்கு நீதான எடுத்துகினு போன?” என்று கேட்டேன்.

“ஆமாங்கா.”

“கடைசியில ஒரு வரி போட்டுட வேண்டிதான? அவங்களுக்கு ஒருநாள் பேரு சேத்தியே, உனக்குச் சேத்துக்க மாட்டியா? எழுந்து வந்து படிக்கவா போறாங்க?”

“சேத்தேங்கா. பிரஸ் வாசல்ல நின்னுகினே எழுதினேன். அப்பறம் கோடு போட்டு அடிச்சுட்டேன்.”

“ஏன்டி?”

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. அண்ணன் வீட்டில் அன்றைக்கும் தறி ஓடியிருக்கிறது.

“உனக்கு போட்டோ அனுப்பணுமே. நீ ரெண்டாவதா படிப்பியேக்கா” என்றாள்.

அதற்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன். இதில் விமலாவின் பேர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தம்மாவின் பேர் ஓரிடத்திலும் வராது, வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். நீங்கள் மட்டும் படித்தால் போதாது. பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து அவரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.